மேனுவல் பிலிம் கேமராவுல டெப்த் ஆஃப் ஃபீல்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ இருக்கற கணக்கு எல்லாம் 35 எம்எம் பிலிமுக்கு, அதாவது 24க்கு 36 மில்லிமீட்டர் ஃப்ரேமுக்கு. வேற சைஸ் பிலிம் பத்தி வரும்போது தனியா சொல்லிடறேன். தூரம் எல்லாம் மீட்டர்ல.

டெப்த் ஆஃப் ஃபீல்டுன்னா என்ன, ரெண்டு வரில சொல்லுங்க?

லென்ஸ் உண்மையில ஒரே ஒரு தூரத்துலதான் ஷார்ப்பா இருக்கும், 2 மீட்டருக்கு ஃபோகஸ் வச்சா 2 மீட்டர்தான். ஆனா அதுக்கு கொஞ்சம் முன்னாடியும் கொஞ்சம் பின்னாடியும் உள்ளது லேசா கலங்கி இருந்தாலும் நம்ம கண்ணு அதை கண்டுக்காது, ஷார்ப்னே எடுத்துக்கும். கண்ணு அப்படி விட்டுக்கொடுக்கற அந்த இடைவெளிதான் டெப்த் ஆஃப் ஃபீல்டு. இனிமே டிஓஎஃப்னே எழுதறேன், ஒவ்வொரு தடவையும் முழுசா டைப் பண்ண பொறுமை இல்ல.

ஒரு கோடு போட்ட மாதிரி அந்தப் பக்கம் ஷார்ப் இந்தப் பக்கம் ப்ளர்னு இருக்காது. படிப்படியா கலங்கிட்டே போகும், எங்க நம்ம கண்ணு பொறுத்துக்காதோ அங்க எல்லைன்னு நாமளா வச்சுக்கறதுதான்.

வியூஃபைண்டர்ல பின்னணி சூப்பரா கலங்கி தெரிஞ்சுது, பிரிண்ட்ல எல்லாமே தெளிவா வந்துடுச்சு. கேமரா ரிப்பேரா?

ரிப்பேர் எல்லாம் இல்ல. அந்த கேமராவோட டிசைனே அப்படித்தான், புதுசா வர்றவங்க முதல்ல புரிஞ்சுக்க வேண்டியதும் இதுதான்.

எஸ்எல்ஆர் கேமராவுல, அதாவது உள்ள இருக்கற கண்ணாடி மூலமா லென்ஸ் வழியாவே பாக்கற கேமராவுல, நீங்க அபர்ச்சர் ரிங்கை (லென்ஸ் ஓட்டையோட அளவை மாத்தற ரிங், நம்பர் பெருசானா ஓட்டை சின்னது) எஃப் 11ல வச்சாலும் ஓட்டையை மூடற பிளேடு உடனே மூடாது, நீங்க பாக்கறதுக்கு வெளிச்சம் வேணும்னு முழுசா திறந்தே இருக்கும். ஷட்டர் பட்டனை அழுத்தற அந்த நொடில கண்ணாடி மேல போகும்போதுதான் பிளேடு எஃப் 11க்கு மூடி, படம் எடுத்து, மறுபடியும் திறக்கும். அதனால 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் போட்டிருந்தா நீங்க எந்நேரமும் எஃப் 1.8ல தெரியற உலகத்தைத்தான் பாத்துட்டு இருக்கீங்க, பிலிம் பாக்கறது வேற உலகம்.

டிஜிட்டல்ல எடுத்தவுடனே ஸ்க்ரீன்ல பாத்து சரி பண்ணிக்கலாம். இங்க ரோல் முடிஞ்சு கழுவி வர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, அதனால டிஓஎஃபை கண்ணால பாத்து முடிவு பண்றதை விட லென்ஸ் மேல இருக்கற நம்பரைப் படிச்சு முடிவு பண்ண பழகிக்கணும். பிலிம் கேமராவுல டிஓஎஃப்ங்கறது பாதிக்கு மேல படிக்கிற வேலைதான்.

அதுக்குத்தானே பிரிவியூ லீவர் இருக்கு?

இருக்கு, எல்லா கேமராவுலயும் இல்ல. நிக்கான் எஃப்எம்ல பாடியோட முன்பக்கம் ஒரு லீவர், ஒலிம்பஸ் ஓஎம் சீரிஸ்ல பட்டன் லென்ஸ் மேலயே இருக்கும். அழுத்தினா பிளேடு நீங்க வச்ச நம்பருக்கு மூடும், பிலிம்ல என்ன வரப்போகுதோ அது தெரியும்.

தெரியும்னு சொல்றேனே தவிர, எஃப் 11ல அழுத்திப் பாத்தீங்கன்னா முதல்ல தெரியறது இருட்டு மட்டும்தான். கண்ணு பழக சில நொடி குடுங்க, மொத்த ஃப்ரேமையும் பாக்காம ஒரே ஒரு பொருளை மட்டும் குறி வைங்க, உதாரணமா பின்னாடி இருக்கற ஒரு போர்டு எழுத்து இல்லன்னா ஒரு கிளை, அதை பாத்துட்டே லீவரை அழுத்தி விட்டு அழுத்தி விட்டுப் பாருங்க. மாற்றம் அப்பதான் கண்ணுல படும். எஃப் 5.6, எஃப் 8 வரைக்கும் இது நல்லா உதவும், அதுக்கு மேல மூடினா இருட்டுல யூகம்தான்.

எதிர்ப்பக்கமும் ஒரு சிக்கல் இருக்கு. பிற்காலத்துல வந்த பிரகாசமான ஃபோகஸிங் ஸ்க்ரீன்கள் பல எஃப் 2.8க்கு மேல திறந்த லென்ஸோட முழு கலங்கலைக் காட்டாது, எஃப் 1.4ல எடுத்த படம் நீங்க பாத்ததை விட இன்னும் குறைஞ்ச டிஓஎஃபோட வரும்.

என் கேமராவுல அந்த லீவரே இல்லையே?

பென்டாக்ஸ் கே1000 வச்சிருக்கறவங்க எல்லாரும் கேக்கற கேள்வி, 1976ல இருந்து பல வருஷம் வித்த கேமரா, ஆனா பிரிவியூ கிடையாது. ஒரு குறுக்கு வழி இருக்கு: லென்ஸ் லாக் பட்டனை அழுத்தி, லென்ஸை கழட்டற திசைல லேசா மட்டும் திருப்பினா பாடியோட லீவர் பிடி விட்டு பிளேடு தானா மூடிக்கும். பாத்துட்டு திரும்ப டக்னு லாக் ஆகற வரைக்கும் திருப்பிடுங்க. லென்ஸை கையால தாங்கிப் பிடிச்சுட்டே பண்ணணும், இல்லன்னா லென்ஸ் தரைக்குப் போயிடும்.

பழைய எம்42 ஸ்க்ரூ லென்ஸ்ல ஏ, எம்னு ஒரு சின்ன சுவிட்ச் இருந்தா எம்முக்கு தள்ளினா போதும், அதுவே பிரிவியூ. ஹீலியோஸ் 44-2 மாதிரி ப்ரீசெட் லென்ஸ்ல ரெண்டு ரிங் இருக்கும், ஒண்ணுல நம்பர் வைக்கணும் இன்னொண்ணுல திறந்து மூடணும், மூடினப்ப தெரியறது நிஜம்.

லென்ஸ் மேல நடு கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 4, 8, 11, 16, 22ன்னு எழுதியிருக்கே, அது என்ன?

அதுதான் டிஓஎஃப் ஸ்கேல். பிரிவியூ லீவர் இல்லன்னு கவலைப்படறவங்க பல பேர் இதை ஒரு தடவை கூட படிச்சுப் பாத்திருக்க மாட்டாங்க.

நடுவுல இருக்கற கோடு நீங்க ஃபோகஸ் வச்ச தூரம். அதுக்கு இடது பக்கம் ஒரு 8, வலது பக்கம் ஒரு 8 இருக்கும். அபர்ச்சர் எஃப் 8ல இருந்தா, இடது 8க்கு நேரா தூர ரிங்ல என்ன எண் வருதோ அதுல இருந்து வலது 8க்கு நேரா வர்ற எண் வரைக்கும் ஷார்ப்பா வரும். (சில கம்பெனி லென்ஸ்ல திசை மாறி இருக்கும், சின்ன தூரம் ஒரு பக்கம் பெரிய தூரம் மறு பக்கம், அவ்ளோதான்.) 50 எம்எம் லென்ஸை 2 மீட்டர்ல வச்சு எஃப் 8க்கு பாத்தீங்கன்னா சுமார் 1.7ல இருந்து 2.5 வரைக்கும் காட்டும். எஃப் 16க்கு பாத்தா சுமார் 1.5ல இருந்து 3.2.

நிக்கானோட பழைய மேனுவல் லென்ஸ்கள்ல எண் எழுதாம வெறும் கலர் கோடு போட்டிருப்பாங்க, அபர்ச்சர் ரிங்ல அந்த நம்பர் எந்த கலரோ அதே கலர் கோட்டை பாக்கணும். முன்னும் பின்னும் தள்ளற ஜூம் லென்ஸ்ல கோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், அலங்காரம்னு நினைச்சுடாதீங்க, ஃபோகல் லெங்த் (50 எம்எம், 100 எம்எம்னு லென்ஸுக்கு சொல்ற எண்) கூட கூட ரெண்டு கோடும் நெருங்கி வர்றதைத்தான் அது காட்டுது.

இதுல எனக்குப் பிடிச்ச உபயோகம் தலைகீழா படிக்கறது. முன்னாடி நிக்கறவர் 2 மீட்டர்ல, பின்னாடி நிக்கறவர் 3 மீட்டர்ல, ரெண்டு பேரும் தெளிவா வேணும்னு வைங்க. முதல் ஆளுக்கு ஃபோகஸ் பண்ணி தூரத்தை படிங்க, ரெண்டாவது ஆளுக்கும் அதே மாதிரி. அப்புறம் ரிங்கைத் திருப்பி 2ம் 3ம் நடு கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் மேல வந்து உக்கார்ற மாதிரி வைங்க, எந்த நம்பரோ அதுதான் உங்க அபர்ச்சர். கால்குலேட்டரும் வேண்டாம் ஆப்பும் வேண்டாம், லென்ஸ் போடற கணக்கை நீங்க வாசிச்சா போதும்.

அந்த ஸ்கேலை அப்படியே நம்பலாமா?

முழுசா நம்பாதீங்க.

ஒரு புள்ளி பிலிம்ல சரியா ஃபோகஸ் ஆகலன்னா சின்ன வட்டமா விழும். அந்த வட்டம் எவ்ளோ பெருசா இருந்தா "ப்ளர்"னு சொல்றதுங்கறதுக்கு 35 எம்எம்ல வழக்கமா 0.03 மில்லிமீட்டர்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. மேல நான் சொன்ன எண்ணும் அதை வச்சுப் போட்டதுதான், பெரும்பாலான லென்ஸ் ஸ்கேலும் அதுக்கு பக்கத்துலதான் இருக்கும். நடுத்தர சைஸ் பிரிண்டை, ஒரு 8க்கு 10 இன்ச்னு வைங்க, கையில பிடிச்சு சாதாரண தூரத்துல பாத்தா 0.03 போதும்.

இப்ப யாரு அப்படி பாக்கறாங்க? நெகட்டிவை ஸ்கேன் பண்ணி மானிட்டர்ல 100 சதவீதம் ஜூம் பண்ணி கண் இமை எண்ணறோம். அப்படி பாத்தா 0.03 ரொம்ப தாராளம், 0.015னு எடுத்துக்கறது நல்லது. வட்டத்தை பாதியாக்கினா ஸ்கேல்ல அது சரியா ரெண்டு ஸ்டாப் ஆகும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகற இல்ல ரெண்டு மடங்காகற ஒரு படி, 8ல இருந்து 11, 11ல இருந்து 16 மாதிரி). அதாவது எஃப் 16ல எடுக்கறீங்கன்னா 16 கோட்டைப் பாக்காதீங்க, 8 கோட்டைப் பாருங்க. எஃப் 11ல எடுத்தா 5.6 கோடு. சின்ன பிரிண்ட்தான்னா ஒரு ஸ்டாப் தள்ளினா போதும். இன்னொண்ணு, பாதி ஃப்ரேமை வெட்டி பெருசு பண்றதும் பெரிய பிரிண்ட் போடறதும் ஒண்ணுதான், க்ராப் பண்ணா டிஓஎஃபும் குறையும்.

டிஓஎஃப் எதால எல்லாம் மாறும்?

அபர்ச்சர், தூரம், ஃபோகல் லெங்த், மூணுதான் உங்க கையில. இதுல அபர்ச்சரைப் பத்தியே எல்லாரும் பேசுவாங்க, ஆனா தூரம்தான் பெரிய ஆளு. 50 எம்எம் லென்ஸ்ல எஃப் 2 வச்சு 2 மீட்டர்ல ஒருத்தரை எடுத்தா மொத்த டிஓஎஃப் சுமார் 19 சென்டிமீட்டர். அதே இடத்துல எஃப் 8க்கு மூடினா சுமார் 78. இப்ப மூடவே வேண்டாம், எஃப் 2லயே 4 மீட்டருக்கு பின்னாடி நகந்து பாருங்க, 19 கிட்டத்தட்ட நாலு மடங்காகி எஃப் 8ல கிடைச்ச அளவுக்கே வந்துடும். தூரம் ரெண்டு மடங்கானா டிஓஎஃப் ஏறக்குறைய நாலு மடங்கு, ஃப்ரேம் மாறும்ங்கறது வேற விஷயம்.

அபர்ச்சர் நம்பர் பெருசானா ஓட்டை ஏன் சின்னதாகுதுன்னும் நிறைய பேர் கேப்பாங்க. ஃபோகல் லெங்த்தை அந்த நம்பரால வகுத்தா ஓட்டையோட விட்டம் வரும்: 50ஐ 2ஆல வகுத்தா 25 மில்லிமீட்டர், 16ஆல வகுத்தா 3 மில்லிமீட்டர் சொச்சம்.

வைட் லென்ஸ்ல எப்பவும் டிஓஎஃப் அதிகம், டெலில கம்மி, சரியா?

ஒரே இடத்துல நின்னு லென்ஸை மட்டும் மாத்தினா சரி. ஆனா ஆளு ஃப்ரேம்ல அதே சைஸ்ல இருக்கணும்னு நகந்து எடுத்தா சரி இல்ல. எஃப் 4ல 50 எம்எம் வச்சு 2 மீட்டர்ல எடுத்தாலும், 100 எம்எம் வச்சு 4 மீட்டர்ல எடுத்தாலும், 28 எம்எம் வச்சு கிட்டப் போய் 1.12 மீட்டர்ல எடுத்தாலும் டிஓஎஃப் மூணுலயும் 38 சென்டிமீட்டர் பக்கத்துலதான் வரும். போட்டுப் பாத்தா நம்பவே தோணாது.

அப்புறம் ஏன் டெலில பின்னணி அப்படி கரையுது? ஏன்னா டிஓஎஃப் வேற, பின்னணி எவ்ளோ கலங்குதுங்கறது வேற. தூரத்துல இருக்கற லைட் ஒண்ணு கலங்கி வட்டமா விழும்போது, அந்த வட்டம் நீங்க ஃபோகஸ் வச்ச ஆளோட பக்கத்துல எவ்ளோ பெருசா தெரியும்னு கேட்டா, லென்ஸ் ஓட்டையோட விட்டம் அளவுக்கு. 28 எம்எம் எஃப் 2.8ல 10 மில்லிமீட்டர், 50 எம்எம் எஃப் 2ல 25, 135 எம்எம் எஃப் 2.8ல 48 மில்லிமீட்டர். முகத்தோட அகலத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குக்கு ஒவ்வொரு லைட்டும் விரிஞ்சா பின்னணி கரையாம என்ன செய்யும்.

முன்னாடி மூணுல ஒரு பங்கு, பின்னாடி ரெண்டு பங்குன்னு சொல்றாங்களே?

ஹைப்பர்ஃபோகல் தூரத்துல மூணுல ஒரு பங்கு தூரத்துக்கு ஃபோகஸ் வச்சா மட்டும் அது சரியா வரும். கிட்ட எடுத்தா முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சமம், தூரமா போகப் போக பின்பக்கம் நீண்டுட்டே போய் கடைசில முடிவே இல்லாம ஆயிடும். பொது விதியா மனசுல வச்சுக்காதீங்க.

ஹைப்பர்ஃபோகல்னு இப்ப சொன்னீங்களே, அது என்ன?

எந்த தூரத்துக்கு ஃபோகஸ் வச்சா பின்னாடி இன்ஃபினிட்டி வரைக்கும் போதுமான ஷார்ப்பா வருமோ, அதுல மிகக் கிட்டமான தூரம். அங்க வச்சா முன்பக்கம் அதுல பாதி தூரத்துல இருந்து எல்லாம் தெளிவு. 50 எம்எம்ல எஃப் 8க்கு சுமார் 10.5 மீட்டர், எஃப் 16க்கு 5.3. 35 எம்எம்ல எஃப் 8க்கு 5.1, எஃப் 11க்கு 3.7. 28 எம்எம்ல எஃப் 8க்கு 3.3, எஃப் 11க்கு 2.4.

மனப்பாடம் தேவையே இல்ல. எஃப் 11ல எடுக்கறீங்களா, இன்ஃபினிட்டி குறியை ஒரு பக்கத்து 11 கோட்டுல கொண்டு போய் நிறுத்துங்க, மறு பக்கத்து 11 கோடு எந்த தூரத்தைக் காட்டுதோ அங்க இருந்து அடிவானம் வரைக்கும் உங்களுக்கு. இன்ஃபினிட்டியை நடு கோட்டுல வச்சு லேண்ட்ஸ்கேப் எடுக்கறவங்க முன்பக்க ஷார்ப்னெஸ்ஸை பாதி வீணாக்கறாங்க.

ஆனா ஒரு எச்சரிக்கை. ஹைப்பர்ஃபோகல்ல தூரத்து மலை "போதுமான" ஷார்ப்தான், விளிம்புல நிக்குது. படத்துல முக்கியமானதே அந்த மலைதான்னா மலைக்கே ஃபோகஸ் பண்ணுங்க, முன்னாடி இருக்கற புல்லு கொஞ்சம் கலங்கினா கலங்கட்டும்.

தெருவுல ஓடிட்டே எடுக்கறப்ப ஃபோகஸ் பண்ண நேரம் இல்ல, என்ன பண்றது?

ஃபோகஸ் பண்ணாதீங்க. 35 எம்எம் லென்ஸ், எஃப் 8, ரிங் 3 மீட்டர்ல. 1.9ல இருந்து 7 மீட்டர் வரைக்கும் தெளிவா விழும், அந்த எல்லைக்குள்ள ஆளு வந்தா கேமராவை தூக்கி அழுத்தினா போதும், ஆட்டோஃபோகஸ் கேமரா எதுவும் இதை விட வேகமா இருக்க முடியாது. 2 மீட்டர், 3 மீட்டர்ங்கறது எவ்ளோன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணும் அவ்ளோதான், வீட்டுக்குள்ள டேப் வச்சு நாலஞ்சு பொருளை அளந்து பழகினா சீக்கிரம் வந்துடும். தூரம் அளக்கறது லென்ஸ் முனைல இருந்து இல்ல, பிலிம் இருக்கற இடத்துல இருந்து. கேமரா மேல்தட்டுல ஒரு வட்டத்துல குறுக்கா கோடு போட்ட சின்ன குறி இருந்தா அதுதான் பிலிம் இருக்கற இடம்.

பட்டப்பகல்ல எஃப் 2 வச்சு பின்னணியை கலக்கணும்னு பாக்கறேன், மீட்டர் விடவே மாட்டேங்குது

விடாது. டிஜிட்டல் பழக்கத்துல வர்றவங்க அதிகமா முட்டி நிக்கற இடம் இது. டிஓஎஃப் நீங்க சுதந்திரமா தேர்ந்தெடுக்கற விஷயம்னு நினைச்சுட்டு வருவீங்க, ஆனா பிலிம் லோட் பண்ணும்போதே அதுல பாதியை முடிவு பண்ணிட்டீங்க.

கணக்கு பாருங்க. நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு எஃப் 16ல 1/125 (ஐஎஸ்ஓன்னா பிலிம் வெளிச்சத்தை எவ்ளோ சீக்கிரம் பிடிக்கும்ங்கற எண், 1/125ன்னா ஷட்டர் திறந்திருக்கற நொடி). திறந்துட்டே வாங்க, எஃப் 11ல 1/250, எஃப் 8ல 1/500, எஃப் 5.6ல 1/1000. கே1000 மாதிரி நிறைய மேனுவல் கேமராவுல 1/1000தான் கடைசி, அதோட முடிஞ்சுது, எஃப் 5.6க்கு மேல திறக்க முடியாது. இதே இடத்துல ஐஎஸ்ஓ 400 பிலிம் இருந்தா எஃப் 16ல 1/500, எஃப் 11ல 1/1000, அவ்ளோதான். எஃப் 1.8 லென்ஸுக்கு ஆசைப்பட்டு வாங்கிட்டு வெயில்ல எஃப் 11ல எடுத்துட்டு இருப்பீங்க. 1982ல வந்த நிக்கான் எஃப்எம்2ல 1/4000 இருக்கு, அதுல ஐஎஸ்ஓ 100க்கு எஃப் 2.8 வரைக்கும் போகலாம்.

வழிகள்: குறைஞ்ச ஐஎஸ்ஓ பிலிம் போடறது, நிழலுக்குப் போறது, இல்லன்னா லென்ஸ் முன்னாடி போட்டு வெளிச்சத்தைக் குறைக்கற என்டி ஃபில்டர். என்டி 8 போட்டா மூணு ஸ்டாப் வெளிச்சம் குறையும், எஃப் 11 எஃப் 4 ஆயிடும். லென்ஸ் வழியா அளக்கற மீட்டர்னா அதுவே சரி பண்ணிக்கும், வெளில தனியா இருக்கற மீட்டர்னா மூணு ஸ்டாப்பை நீங்கதான் கூட்டணும், வியூஃபைண்டரும் அந்த அளவுக்கு இருட்டும். கலர் நெகட்டிவ்னா ஒண்ணு ரெண்டு ஸ்டாப் ஓவர் எக்ஸ்போஷரை தாங்கும், ஐஎஸ்ஓ 400 போட்டு 1/1000ல துணிஞ்சு எஃப் 5.6ல எடுக்கலாம். ஸ்லைட் பிலிம்ல இந்த வேலை ஆகாது, வெளுத்துப் போயிடும்.

சாயங்காலம் இதுக்கு நேர் எதிரா இருக்கும், அதிக டிஓஎஃப் வேணும்னு எஃப் 11 வச்சா 1/8ன்னு காட்டும், ட்ரைபாட் இல்லன்னா கை ஆடி எல்லாமே கலங்கும். கை ஆட்டத்தால வந்த கலங்கலை டிஓஎஃப் பிரச்சனைன்னு நினைச்சு இன்னும் மூடறவங்க உண்டு. எல்லா புள்ளியும் ஒரே திசைல இழுத்த மாதிரி இருந்தா அது கை ஆட்டம், ஃபோகஸ் இல்ல.

பேசாம எஃப் 22ல வச்சுட்டா எல்லாமே ஷார்ப்பா வந்துடும்ல?

டிஓஎஃப் கூடும், ஷார்ப்னெஸ் குறையும். சின்ன ஓட்டை வழியா போகும்போது வெளிச்சம் விரியும், டிஃப்ராக்‌ஷன். எஃப் 22ல அது மட்டுமே ஒவ்வொரு புள்ளியையும் சுமார் 0.03 மில்லிமீட்டர் வட்டமாக்கிடும், மேல ப்ளருக்கு எல்லைன்னு சொன்னோமே அதே அளவு. அதாவது மிகச்சரியா ஃபோகஸ் பண்ண இடமும் எல்லைல போய் நிக்கும். 35 எம்எம்ல எஃப் 8, எஃப் 11 நல்ல இடம், எஃப் 16 தேவைன்னா, எஃப் 22 வேற வழியே இல்லன்னா.

1932ல ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம் எல்லாம் சேந்து ஆரம்பிச்ச குழுவுக்கு குரூப் எஃப் 64னே பேரு, அவங்க மட்டும் எப்படின்னு கேப்பீங்க. அவங்க கையில இருந்தது 8க்கு 10 இன்ச் நெகட்டிவ் எடுக்கற மாதிரி பெரிய கேமரா, அதை பெருசே பண்ணாம அப்படியே கான்டாக்ட் பிரிண்ட் போடலாம். நம்ம சின்ன நெகட்டிவை பல மடங்கு பெருசாக்கறோம், டிஃப்ராக்‌ஷனும் கூடவே பெருசாகும்.

போர்ட்ரெய்ட்ல கண்ணுக்குத்தான் ஃபோகஸ் பண்ணேன், காது ஷார்ப்பா வந்திருக்கு

நீங்க வியூஃபைண்டர் நடுவுல இருக்கற ஸ்ப்ளிட் வட்டத்துல (ஃபோகஸ் ஆகலன்னா உருவம் ரெண்டா வெட்டித் தெரியற வட்டம்) கண்ணை வச்சு ஃபோகஸ் பண்ணிட்டு, அப்புறம் கேமராவைத் திருப்பி கம்போஸ் பண்ணியிருப்பீங்க. திருப்பும்போது ஃபோகஸ் ஆன தளமும் சேந்து திரும்பி கண்ணுக்குப் பின்னாடி போயிடும். 1 மீட்டர்ல 15 டிகிரி திருப்பினா சுமார் மூணரை சென்டிமீட்டர் பின்னாடி போகுது. 50 எம்எம் எஃப் 1.8ல அந்த தூரத்துல மொத்த டிஓஎஃபே 4 சென்டிமீட்டர்தான், கண்ணுக்கு முன்பக்கம் கிடைக்கறது அதுல பாதி. கணக்கு எங்க உதைக்குதுன்னு தெரியுதா?

முதல்ல கம்போஸ் பண்ணுங்க, அப்புறம் வட்டத்துக்கு வெளில இருக்கற மேட் பகுதிலயே கண்ணைப் பாத்து ஃபோகஸ் பண்ணுங்க, அதுக்குத்தான் அந்த பகுதி இருக்கு. இல்லன்னா எஃப் 4க்கு மூடுங்க. அந்த தூரத்துல உடம்பு லேசா முன்னாடி பின்னாடி ஆடினாலே ஃபோகஸ் போயிடும், உங்க உடம்பும் அவங்க உடம்பும்.

ஸ்ப்ளிட் வட்டம் பாதி கறுப்பாயிடுது, லென்ஸ் போச்சா?

இல்ல. முழுசா திறந்தாலும் எஃப் 5.6க்கு மேல திறக்காத ஸ்லோ லென்ஸ்லயும், பிரிவியூ லீவரை அழுத்திப் பிடிச்சிருக்கும்போதும் அப்படித்தான் ஆகும். ஃபோகஸை எப்பவும் திறந்து வச்சு பண்ணிட்டு அப்புறம் மூடிப் பாருங்க.

ரேஞ்ச்ஃபைண்டர்ல எல்லாமே ஷார்ப்பா தெரியுதே?

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுல நீங்க பாக்கறது லென்ஸ் வழியா இல்ல, தனி ஜன்னல் வழியா. அந்த ஜன்னலுக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே இல்ல, அதனால டிஓஎஃபை அது காட்டவே காட்டாது. ஸ்கேல் ஒண்ணுதான் கதி, ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள்ல ஸ்கேல் நல்லா பெருசா போட்டிருக்கறதும் அதனாலதான். ட்வின் லென்ஸ் கேமராவுல நீங்க பாக்கற மேல் லென்ஸ் எப்பவுமே திறந்தே இருக்கும். யாஷிகா மேட் 124ஜில பாக்கற லென்ஸ் எஃப் 2.8, எடுக்கற லென்ஸ் எஃப் 3.5, முழுசா திறந்து எடுத்தாலும் பாத்ததை விட படத்துல டிஓஎஃப் கொஞ்சம் கூடவே வரும். மீடியம் ஃபார்மட்ல, அதாவது 35 எம்எம்மை விட பெரிய பிலிம்ல, அதே காட்சியைப் பிடிக்க இன்னும் நீளமான லென்ஸ் போடறதால டிஓஎஃப் 35 எம்எம்மை விட கம்மி, ஒண்ணு ரெண்டு ஸ்டாப் கூடவே மூட வேண்டி வரும்.

மேக்ரோல?

மில்லிமீட்டர்ல பேசணும். பொருள் பிலிம்ல அதே சைஸ்ல விழற அளவு கிட்டப் போனா எஃப் 8ல மொத்த டிஓஎஃப் 1 மில்லிமீட்டர் கூட இல்ல. எஃப் 16க்கு மூடினா 2 மில்லிமீட்டர் பக்கம், ஆனா அவ்ளோ கிட்ட எஃப் 16 நடைமுறைல எஃப் 32 மாதிரி நடந்துக்கும், டிஃப்ராக்‌ஷன் வந்து நிக்கும். மூடறதை விட, பூச்சியோ இலையோ பிலிமுக்கு இணையா இருக்கற மாதிரி கேமராவை சாய்ச்சு வைக்கறது பல மடங்கு பலன் தரும்.

ஃப்ளாஷ் போட்டா?

மேனுவல் ஃப்ளாஷ்னா அபர்ச்சரை முடிவு பண்றது நீங்க இல்ல, ஃப்ளாஷ். கைட் நம்பரை தூரத்தால வகுத்தா எஃப் நம்பர், கைட் நம்பர் 28, தூரம் மூணரை மீட்டர்னா எஃப் 8. திறக்கணும்னா ஃப்ளாஷோட பவரைக் குறைங்க, குறைக்க வசதி இல்லன்னா தள்ளிப் போங்க.

ஸ்கேல் பக்கத்துல சிவப்பு புள்ளி, இல்லன்னா ஆர்னு ஒரு எழுத்து இருக்கு, அதுவும் டிஓஎஃபா?

அது இன்ஃப்ராரெட் பிலிமுக்கு. அந்த வெளிச்சம் வேற தூரத்துல ஃபோகஸ் ஆகறதால, சாதாரணமா ஃபோகஸ் பண்ணிட்டு அந்த தூரத்தை சிவப்பு குறிக்கு நகத்தணும். சாதாரண பிலிம்னா கண்டுக்காதீங்க.

என் லென்ஸோட ஸ்கேல் சரியான்னு எப்படி டெஸ்ட் பண்றது?

ஒரு ரோல்ல சில ஃப்ரேமை இதுக்குன்னு ஒதுக்குங்க. நீளமான மேஜை மேல டேப்பை விரிச்சு வச்சு, கேமராவை ட்ரைபாட்ல போட்டு மேல இருந்து சாய்வா பாக்கற மாதிரி வைங்க. டேப்ல ஒரு எண்ணுக்கு நேரா தீப்பெட்டி மாதிரி எதையாவது நிறுத்தி அதுக்கு ஃபோகஸ் பண்ணுங்க. அபர்ச்சரை முழுசா திறந்து ஒண்ணு, எஃப் 4, எஃப் 8, எஃப் 16ல ஒவ்வொண்ணு, ஷட்டர் ஸ்பீடை அதுக்கு ஏத்த மாதிரி மாத்திட்டே வாங்க. எந்த ஃப்ரேம் எந்த நம்பர்னு ஒரு பேப்பர்ல எழுதியே ஆகணும், நெகட்டிவ் எந்த தகவலையும் எழுதி வச்சுக்காது.

கழுவி வந்ததும் நீங்க வழக்கமா எந்த சைஸ்ல பாப்பீங்களோ அந்த சைஸ்லயே பாத்து, எந்த எண்ல இருந்து எந்த எண் வரைக்கும் உங்களுக்கு ஷார்ப்னு படுதுன்னு குறிச்சுக்கோங்க. ஸ்கேல் சொல்றதோட ஒப்பிட்டா எத்தனை ஸ்டாப் தள்ளிப் படிக்கணும்னு தெரிஞ்சுடும், அந்த எண் உங்க கண்ணுக்கும் உங்க ஸ்கேனருக்கும் மட்டும் பொருந்தும். முழுசா திறந்த ஃப்ரேம்ல தீப்பெட்டிக்கு பதிலா அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஷார்ப்பா இருந்தா அது டிஓஎஃப் விஷயமே இல்ல, முதல்ல இன்னொரு லென்ஸ் போட்டு அதே டெஸ்டை எடுங்க. ரெண்டு லென்ஸ்லயும் ஒரே பக்கம் தள்ளி வந்தா ஃபோகஸிங் ஸ்க்ரீனோ கண்ணாடியோ இடம் மாறியிருக்கு, மெக்கானிக் கிட்ட குடுங்க. ஒரு லென்ஸ்ல மட்டும்னா அந்த லென்ஸை யாரோ முன்னாடியே பிரிச்சு சரியா மாட்டாம விட்டிருக்கலாம்.